ஒரே கட்டளை போதும்: உங்கள் லேப்டாப்பில் ஓடாத பைப்லைன், கிளவுடில் மட்டும் ஓடினால் போதுமா?

கோடு எழுதத் தெரிந்தால் மட்டும் வேலை கிடைக்காது, அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் தெரிய வேண்டும். சின்ன ஊரில் இருந்து ஐடி வேலை பார்ப்பவர்களுக்கு இது ஏன் இன்னும் முக்கியம்? ஒரு விளக்கம், கூடவே ஒரு வேண்டுகோள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் ஆறு.

அனுப்பியது என் பள்ளித் தோழி. கீரனூரில் ப்ளஸ் டூ வரை ஒன்றாகப் படித்தோம். அவள் இன்ஜினீயரிங் போனாள், நான் மீடியா பக்கம் வந்துவிட்டேன். இப்போது அவள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்காக வேலை பார்க்கிறாள்.

“ஒரு ஸ்பேஸ்ல ஆரம்பிச்சதுடி. அதைச் சரி பண்ணா ஃபோல்டர் பேரு தப்பு. அதைச் சரி பண்ணா பைத்தான் வெர்ஷன் வேற. தப்பு எல்லாம் கடைசி ஸ்டெப்லதான் தெரியுது. அங்க போய்ச் சேரவே ஒவ்வொரு தடவையும் பதினெட்டு நிமிஷம். நடுவுல கரண்ட் போய் வைஃபையும் கட்.”

7 முறை. ஒவ்வொரு முறையும் 18 நிமிடம். மொத்தம் 2 மணி நேரத்துக்கும் மேலே, எங்கோ இருக்கும் ஒரு சர்வர் பதில் சொல்லும் வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுதிய கோடில் தப்பே இல்லை. அந்தக் கோடை எடுத்துப் போகும் பாதையில்தான் தப்பு. இத்தனைக்கும் அந்தப் பாதையை அவளுடைய லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்திருக்க முடியும். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாதைக்குப் பெயர்தான் பைப்லைன்.

பைப்லைன்னா என்ன?

கல்யாண வீட்டுச் சமையலை யோசித்துப் பாருங்கள். சாம்பார் இறக்கியதும் நேராகப் பந்திக்குப் போகாது. ஒருவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்பு, புளி பார்ப்பார். சரி என்றால்தான் வாளிக்கு மாறும். அதன் பிறகுதான் இலைக்கு வரும். உப்பு பார்க்காமல் பந்திக்குப் போனால் முந்நூறு இலையிலும் அதே தப்பு.

சாஃப்ட்வேரிலும் இதேதான். நீங்கள் எழுதிய கோடு, பயன்படுத்துபவரின் போனுக்குப் போவதற்கு முன் சில கட்டங்களைத் தாண்ட வேண்டும்:

1. புதிய கோடை எடுப்பது.
2. அதற்குத் தேவையான லைப்ரரிகளை நிறுவுவது.
3. எழுத்துப் பிழை, நடைப் பிழை பார்ப்பது.
4. டெஸ்ட்களை ஓட்டுவது.
5. எல்லாம் சரி என்றால் பில்ட் செய்து ஒரு பொட்டலமாகக் கட்டுவது.
6. சோதனை சர்வரில் வைத்துப் பார்ப்பது.
7. கடைசியாக, உண்மையான பயனாளர்களுக்கு அனுப்புவது.

இதில் எந்தக் கட்டத்தில் தோற்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. ஏழையும் மனிதக் கை படாமல் வரிசையாகச் செய்யும் ஏற்பாட்டைத்தான் பைப்லைன் என்கிறார்கள். வேலை விளம்பரங்களில் ‘சிஐ/சிடி தெரிந்திருக்க வேண்டும்’ என்று பார்த்திருப்பீர்களே, அது இதுதான். சிஐ என்றால் தொடர் ஒருங்கிணைப்பு, எல்லோருடைய கோடையும் அடிக்கடி ஒன்றுசேர்த்துச் சோதிப்பது. சிடி என்றால் தொடர் வழங்கல், சோதித்ததை எப்போது வேண்டுமானாலும் வெளியிடத் தயாராக வைப்பது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். 8 சர்வர்களில் புதிய கோடை ஏற்ற வேண்டும். ஒரு டெக்னீஷியன் கையால் ஏற்றினார். 7-ல் ஏற்றிவிட்டார், எட்டாவது விட்டுப்போனது. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே எழுத்தில் இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கோடு இருந்தது. புதிய வசதிக்காக வைத்த ஸ்விட்ச், அங்கே அந்தப் பழைய கோடைத் தட்டி எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் லட்சக்கணக்கான தவறான ஆர்டர்கள். நஷ்டம் 44 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறப்பதற்கு முன்பே அந்த சிஸ்டம் 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் பதிவு செய்தது. அவற்றை யாரும் கவனிக்கவில்லை.

‘அது 2012, இப்ப அப்படி நடக்காது’ என்று தோன்றுகிறதா? 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அங்கே சோதனைக் கட்டம் இருந்தது. ஆனால் சோதிக்கும் கருவியிலேயே பிழை. அது மட்டுமில்லாமல், முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது.

நைட் கேப்பிடலில் பைப்லைனே இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக்கில் பைப்லைன் இருந்தும் அதில் ஓட்டை. இரண்டிலும் விலை கொடுத்தது, அந்தக் கோடை எழுதாத மக்கள்.

டெர்மினலில் பிறந்தது, பிரவுசருக்குப் போனது எப்படி?

கொஞ்சம் வரலாறு. 1973-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், டக் மெக்கில்ராய் வற்புறுத்திக் கேட்டதால், கென் தாம்ப்சன் யூனிக்ஸில் ‘பைப்’ என்ற வசதியைச் சேர்த்தார். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு நேராக ஊற்றலாம். கீபோர்டில் இருக்கும் அந்த நெட்டுக் கோடுதான் அதற்கான குறி. அதே ஆய்வகத்தில் 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். எது மாறியதோ அதை மட்டும் திரும்ப பில்ட் செய்யும் கமாண்ட் லைன் டூல். சுமார் ஐம்பது வருடம் ஆகிறது, இன்றும் லினக்ஸ் உலகில் அது தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது.

2004-ல் சன் நிறுவனத்தில் வேலை பார்த்த கொஸுகே கவாகுச்சி ‘ஹட்சன்’ என்ற தானியங்கி சர்வரைத் தொடங்கினார். அதுவே 2011-ல் ‘ஜென்கின்ஸ்’ என்று பெயர் மாறியது. பிறகு டிராவிஸ், கிட்லேப், 2019-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்று வரிசையாக வந்தன. பைப்லைன் என்பது கிளவுடில் இருக்கும் ஒரு சேவையாக மாறியது. அதற்கான கட்டளைகளை ‘யேமல்’ என்ற வடிவத்தில் எழுத வேண்டும். அதில் வரியின் தொடக்கத்தில் எத்தனை ஸ்பேஸ் என்பதே அர்த்தத்தை மாற்றிவிடும். என் தோழியின் மாலைப் பொழுதைத் தின்றது அதுதான்.

இந்தச் சேவைகள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. இவை வந்ததால்தான் ஒரு மாணவர்கூட இலவசமாகத் தன் கோடைத் தானாகச் சோதிக்க முடிகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சோதிக்கும் முறை முழுவதையும் அந்தச் சேவையின் யேமல் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறோம். அதனால் அங்கே மட்டும்தான் அது ஓடும். சரியா, தப்பா என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கோடை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதை ‘புஷ் பண்ணிட்டு சாமி கும்பிடு’ முறை என்று ஐடி ஆட்கள் கிண்டலாகச் சொல்வார்கள்.

ஒரு எண்தான் மேட்டர்

இங்கே ஒரு ரகசியம். எவ்வளவு பெரிய பைப்லைனாக இருந்தாலும், அதன் உயிர் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது.

டெர்மினலில் எந்தக் கட்டளையை ஓட்டினாலும் அது முடியும்போது ஒரு எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வெற்றி. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் தோல்வி. ஜென்கின்ஸ், கிட்ஹப், கிட்லேப் எல்லாம் பார்ப்பது இந்த எண்ணைத்தான். 0 வந்தால் பச்சை டிக். இல்லையென்றால் சிவப்பு.

அப்படின்னா, பைப்லைன் எழுத கிளவுடு அவசியம் இல்லை. கட்டளைகளை வரிசையாகக் கொண்ட ஒரு ஸ்கிரிப்ட், ஏதாவது ஒன்று தோற்றால் அங்கேயே நின்று 0 அல்லாத எண்ணைத் திருப்பித் தந்தால், அதுவே பைப்லைன்.

ஆனால் புதிதாக எழுதுபவர்கள் விழும் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது: பேஷ் ஸ்கிரிப்ட் இயல்பாக ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். டெஸ்ட் தோற்றாலும் டெப்ளாய் ஓடிவிடும்! ‘தோற்றால் நில்’ என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், அதற்கான கட்டளை ‘செட் மைனஸ் ஈ’. இரண்டாவது: பைப் போட்டு இரண்டு கட்டளைகளை இணைத்தால், கடைசிக் கட்டளையின் எண் மட்டும்தான் கணக்கில் வரும். டெஸ்டின் விடையை லாக் ஃபைலுக்குப் போகும்படி பைப்பில் விட்டால், டெஸ்ட் தோற்றிருந்தாலும் லாக் எழுதியது வெற்றி என்பதால் பச்சை டிக் விழும். இதைத் தடுக்க ‘பைப்ஃபெயில்’ என்ற அமைப்பு இருக்கிறது. இந்த இரண்டு வரி இல்லாத ஸ்கிரிப்ட், உப்பு பார்க்காமலே ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும் ஆள் மாதிரி.

சரி, கமாண்ட் லைனில் எப்படிக் கட்டுவது?

மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

முதல் படி, மேக் அல்லது ஒரு சாதாரண ஸ்கிரிப்ட். ‘மேக் டெஸ்ட்’ என்று அடித்தால் டெஸ்ட், ‘மேக் பில்ட்’ என்று அடித்தால் பில்ட். கிட்ஹபில் இருக்கும் யேமல் ஃபைல் என்ன செய்யும்? அதுவும் அதே ‘மேக் டெஸ்ட்’டை மட்டும் கூப்பிடும். அறிவு முழுக்க உங்கள் புராஜெக்டுக்குள். கிளவுடு வெறும் கூலியாள். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மேக்ஃபைலிலும் ஸ்பேஸுக்குப் பதில் டேப் போட வேண்டும் என்ற தகராறு உண்டு. ஆனால் அந்தத் தப்பு 18 நிமிடத்தில் இல்லை, ஒரு நொடியில் தெரியும்.

இரண்டாவது படி, கன்டெய்னர். ‘என் மெஷின்ல ஓடுதே’ என்ற பிரபலமான சாக்கை ஒழிக்க வந்தது இது. பைத்தான் எந்த வெர்ஷன், எந்த லைப்ரரி என்பதை எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவில் அடைத்துவிடுவது. கீரனூர் லேப்டாப்பிலும் மும்பை டேட்டா சென்டரிலும் உள்ளே இருப்பது ஒன்றே. 2013-ல் வெளிவந்த டாக்கர்தான் இதைப் பரவலாக்கியது.

மூன்றாவது படி, இதற்கென்றே எழுதப்பட்ட கருவிகள். ‘ஆக்ட்’ என்ற ஓப்பன் சோர்ஸ் டூல், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஃபைலை உங்கள் லேப்டாப்பிலேயே டாக்கர் மூலம் ஓட்டிக் காட்டும். டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ், 2022-ல் ‘டேகர்’ என்ற கருவியை வெளியிட்டார். இதில் பைப்லைனை யேமலில் எழுதாமல் பைத்தான், கோ, டைப்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் ஃபங்ஷன்களாக எழுதலாம். டெர்மினலில் ஒரு கட்டளை, ஒவ்வொரு கட்டமும் கன்டெய்னருக்குள் ஓடும். மாறாத கட்டங்களைத் திரும்ப ஓட்டாது, முன்பு கிடைத்த விடையை எடுத்துக்கொள்ளும். அதே கட்டளையை ஜென்கின்ஸிலும் ஓட்டலாம், கிட்லேபிலும் ஓட்டலாம்.

இங்கே நம் ஊர் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. கன்டெய்னர் இமேஜ்கள் கனமானவை. ஆக்ட் முதல் முறை ஓடும்போது எந்த அளவு இமேஜ் வேண்டும் என்று கேட்கும். நடுத்தரம் சுமார் 500 எம்பி, பெரியது சுமார் 17 ஜிபி. மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு பெரியதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு லேப்டாப்பிலேயே இருக்கும். பழைய 4 ஜிபி ரேம் லேப்டாப் என்றால் முதல் படியே போதும். அதிலேயே முக்கால்வாசி லாபம் கிடைத்துவிடும்.

கீரனூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில், நான் சொல்வது பழனி பக்கத்துக் கீரனூர் இல்லை. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், குளத்தூர் தாலுகாவின் தலைமையிடமான எங்கள் கீரனூர். திருச்சி – காரைக்குடி ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன், நெடுஞ்சாலையில் பஸ் ஸ்டாண்ட், அந்தப் பக்கம் நார்த்தாமலை. பொறியியல் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. படித்து முடித்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதுதான் வழக்கம். கொரோனா காலம் அதைக் கொஞ்சம் மாற்றியது. சிலர் ஊரிலேயே இருந்து வேலை பார்க்கிறார்கள்.

சென்னை ஆபீஸில் பைப்லைன் தோற்றால் பக்கத்து சீட்டில் ஒரு சீனியர் இருப்பார். “அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றால் அஞ்சு நிமிடத்தில் முடியும். மாடி அறையில் தனியாக இருப்பவருக்கு அந்த அண்ணன் இல்லை. திரையில் இருக்கும் சிவப்புக் குறியும் மெதுவான வைஃபையும்தான். அவர் எவ்வளவு சீக்கிரம் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான், ஊரில் இருந்தே இந்த வேலையில் நிலைக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ‘வீட்ல இருந்தா அவுட்புட் கம்மி’ என்று மேனேஜர் சொல்லும் வாக்கியத்துக்குப் பின்னால், இந்த 18 நிமிடங்களும் இருக்கின்றன.

இன்னொன்று, காசு. தனிப்பட்ட இலவசக் கணக்குக்கு, வெளியில் காட்டாத புராஜெக்டுகளுக்கு கிட்ஹப் மாதம் 2,000 நிமிடம் தருகிறது. கிட்லேப் 400 நிமிடம். ஒரு முறைக்கு 18 நிமிடம் என்றால் 400 நிமிடம் 22 முறைக்குத்தான் வரும். ஊரில் இருந்து ஒரு சின்ன ஸ்டார்ட்அப் தொடங்கும் இரண்டு பேருக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

அந்த இலவசமும் நிரந்தரம் இல்லை. ஓப்பன் சோர்ஸ் உலகம் பல ஆண்டுகள் நம்பியிருந்த டிராவிஸ் சிஐ-யின் இலவசத் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது. எத்தனையோ தன்னார்வலர்கள் தங்கள் பைப்லைனை வேறு இடத்துக்குத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் கிட்ஹப், நம் சொந்த மெஷினில் ஓட்டும் வேலைகளுக்கும் நிமிடக் கணக்கில் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளி வைத்தது. தள்ளி வைத்ததுதான், கவனியுங்கள்.

‘ஒரே கட்டளை’ வழியில் எழுதியவர்களுக்கு இந்த மாதிரி அறிவிப்பு வந்தால் அரை நாள் வேலை. யேமலுக்குள் எல்லாவற்றையும் புதைத்தவர்களுக்கு மாதக் கணக்கு.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாவட்டம் இது

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை நாடறிய எழுதினார். எங்கள் பாட்டி, அம்மா தலைமுறையில் அதைப் பற்றிப் பேசாத வீடு குறைவு.

அந்தப் பெண்களுக்கு சைக்கிள் என்ன செய்தது? பஸ் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எடுக்க, பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளியில் விட அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதற்காக பஸ் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. திருச்சிக்குப் போக பஸ்தான். ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் போவதும், பக்கத்து ஊருக்குப் போவதும் தன் கையில் வந்தது.

கிளவுடு பைப்லைன் பஸ் மாதிரி. கமாண்ட் லைன் சைக்கிள் மாதிரி. இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் கற்றுத்தர வேண்டியது எது? நம் கல்லூரிகள் பல, நேராக பஸ் டிக்கெட் எடுக்கத்தான் சொல்லித்தருகின்றன. ஸ்கிரீனில் எந்த பட்டனை அழுத்துவது என்று ஸ்லைடு போடுகிறார்கள். அந்த பட்டனுக்குப் பின்னால் ஓடும் கட்டளை என்ன என்று பல மாணவர்களுக்குத் தெரியாது.

‘எல்லாத்தையும் என் லேப்டாப்லயே பண்ணிடலாமா?’

கூடாது. இங்கே ஒரு தெளிவு வேண்டும்.

சோதிப்பது, பில்ட் செய்வது லேப்டாப்பிலும் ஓட வேண்டும். ஆனால் உண்மையான பயனாளர்களுக்கு அனுப்பும் கடைசிக் கட்டம் பொதுவான ஒரு இடத்தில் இருந்துதான் நடக்க வேண்டும். யார் அனுப்பினார், எப்போது, எந்தக் கோடு என்ற பதிவு இருக்க வேண்டும். கையால் ஏற்றினால் எட்டாவது சர்வர் விட்டுப்போகும். அதுதான் நைட் கேப்பிடல் கதை. தவிர, உங்கள் லேப்டாப்பில் தயாரிப்பு சர்வரின் பாஸ்வேர்டு இருந்தால், லேப்டாப் தொலைந்தால் கம்பெனியே தொலைந்தது.

பொதுவான இடமும் தானாகவே பாதுகாப்பானது இல்லை. 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட புராஜெக்டுகள் பயன்படுத்திய ஒரு கிட்ஹப் ஆக்‌ஷனுக்குள் யாரோ விஷமக் கோடை நுழைத்தார்கள். பழைய வெர்ஷன் பெயர்களையே அந்தப் புதிய கோடைக் காட்டும்படி மாற்றிவிட்டார்கள். விளைவு, சாவிகளும் பாஸ்வேர்டுகளும் லாக்கில் வெளிப்பட்டன. அடுத்தவர் எழுதிய ஆக்‌ஷனைப் பயன்படுத்தினால் வெர்ஷன் பெயரை நம்பாமல், அந்தக் கமிட்டின் முழு அடையாள எண்ணைக் குறிப்பிடுங்கள். பைப்லைனில் உங்கள் சொந்தக் கட்டளைகள் எவ்வளவு அதிகமோ, யாரோ ஒருவரை நம்ப வேண்டிய தேவை அவ்வளவு குறைவு.

கருவியையும் கண்மூடி நம்பாதீர்கள். இதே ‘லேப்டாப்பிலும் ஓடும், கிளவுடிலும் ஓடும்’ கொள்கையோடு வந்த ஏர்த்லி என்ற கருவியின் நிறுவனம், 2025-ல் தன் கிளவுடு சேவையை நிறுத்தியது. அதனால்தான் அடித்தளமாக சாதாரண ஸ்கிரிப்டையும் மேக்கையும் சொல்கிறேன். மேலே எந்தக் கருவி வந்தாலும் போனாலும் அது நிற்கும்.

‘இவ்வளவு சோதனை வைத்தால் வேகம் குறையாதா?’ என்று கேட்பவர்களும் உண்டு. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2018-ல் வெளியிட்ட ‘ஆக்ஸிலரேட்’ புத்தகத்தின் முக்கியமான முடிவே இதற்குப் பதில். அடிக்கடி வெளியிடும் குழுக்கள்தான் குறைவாகத் தவறு செய்கின்றன, தவறு நடந்தாலும் சீக்கிரம் சரிசெய்கின்றன. வேகமும் பத்திரமும் எதிரிகள் இல்லை.

யார் என்ன செய்ய வேண்டும்?

கல்லூரிகளுக்கு: இறுதியாண்டு புராஜெக்டுக்கு மார்க் போடும் முறையை மாற்றுங்கள். பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டும் கடைசி நேர டெமோவும் போதும் என்ற காலம் போய்விட்டது. மாணவரின் கோடை வேறொரு லேப்டாப்பில் இறக்கி, ஒரே ஒரு கட்டளை அடியுங்கள். டெஸ்ட் ஓடி, பில்ட் ஆகி, ஆப் திறந்தால் முழு மார்க். இதற்குப் புதிய லேபும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். மேலே சொன்ன கருவிகளின் அடிப்படை வடிவங்கள் எல்லாம் இலவசம்.

அரசுக்கு: 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டமும் 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் நம் பிள்ளைகளின் கையில் மெஷினையும் பயிற்சியையும் கொடுத்தன. அந்தப் பயிற்சியில் டெர்மினலுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள், அதுவும் தமிழில் விளக்கத்தோடு. கிளவுடு சான்றிதழ் அதற்குப் பிறகு வரட்டும்.

நிறுவனங்களுக்கு: உங்கள் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்றால், அவருடைய லேப்டாப்பில் பைப்லைன் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடாவிட்டால் அது அவருடைய சோம்பல் இல்லை, உங்கள் அமைப்பின் குறை. பில்ட் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் காலத்திலேயே கென்ட் பெக் சொல்லிவிட்டார்.

உங்களுக்கு: இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பழைய காலேஜ் புராஜெக்டையே எடுங்கள். அதை ஓட்ட நீங்கள் வழக்கமாக அடிக்கும் கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதுங்கள். ‘தோற்றால் நில்’ வரியையும் பைப்ஃபெயிலையும் மேலே சேருங்கள். வேண்டுமென்றே ஒரு டெஸ்டைக் கெடுத்து, ஸ்கிரிப்ட் உண்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தோற்க வேண்டிய இடத்தில் தோற்காத பைப்லைன், பைப்லைன் இல்லாததைவிட ஆபத்து. பிறகு நண்பரின் லேப்டாப்பில் ஓட்டச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் ‘சிஐ/சிடி தெரியுமா?’ என்று கேட்டால், சான்றிதழைக் காட்டாதீர்கள். அந்தக் கட்டளையை அடித்துக் காட்டுங்கள்.

என் தோழி அந்தச் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, யேமலில் இருந்த படிகளை ஒரு ஸ்கிரிப்டுக்கு மாற்றினாள். யேமல் ஃபைல் 140 வரியில் இருந்து 20 வரியாகச் சுருங்கியது. அடுத்த வாரம் அவளுக்குப் போன் போட்டு, “இப்ப எப்படி போகுது?” என்று கேட்டேன்.

“இன்னும் தப்பு வருதுடி. ஆனா ரெண்டு நிமிஷத்துல வருது. அதுவும் என் லேப்டாப்லயே வருது, டீம்ல இருக்க எல்லாருக்கும் மெயில் போறதில்ல.”

தப்பே வராத வேலை எங்கேயும் கிடையாது. அந்தத் தப்பை முதலில் பார்ப்பது நாமா, பயனாளரா என்பதுதான் கேள்வி. கீரனூர் மாடி அறையில் இருப்பவருக்கும் அதை முதலில் பார்க்கும் வசதி வேண்டும். அதற்கு ஒரு கட்டளை போதும். அதைச் சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.